தலை சுற்றாமல் வீடு காட்டும் வித்தை

இன்னும் கட்டாத வீட்டுக்குள் கம்ப்யூட்டர் கேமராவை நடக்கவைத்துக் காட்டுவது என் பிழைப்பு. அனிமேஷன் செய்து அடி வாங்கும் சக பாவிகளே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். நாற்பத்தேழு வயதில் கோர்ஸ் முடித்து, மும்பை செம்பூரில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தேன். முதல் படம் தேறினால்தான் வேலை நிரந்தரம் என்றார்கள்.

மாமியின் நாற்காலி

மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். குடியிருப்பவர்களுக்குப் புது வீட்டைத் திரையில் காட்டினோம். என் கேமரா வாசலில் விருட்டென்று கிளம்பி, ஹாலில் வெடுக்கென்று திரும்பி, பெட்ரூமில் சடக்கென்று நின்றது. முன்வரிசையில் இருந்த, குடியிருப்பவர்கள் சொசைட்டியின் செக்ரட்டரி மாமி நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். படத்தை ஏற்கவேண்டியவரே அவர்தான். விளக்கைப் போட்டதும் கேட்டார்: "ஏம்மா, வீட்டைக் காட்டறயா, ராட்டினத்துல ஏத்தறயா?"

இருபத்தாறு குறிகள்

ஒரு வாரம் கொடுத்தார் முதலாளி. அதிலும் தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நான் போவதாக இல்லை.

கேமரா எந்த நொடியில் எங்கே இருக்கவேண்டும் என்று குறி வைப்போம். அதற்குப் பெயர் கீஃப்ரேம். நடுவில் உள்ளதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். நான்தான் அதை நம்பவில்லை. கான்வென்ட் வரிசையில் ஒரே சீராக நடந்து வளர்ந்தவள். சம இடைவெளியில் இருபத்தாறு குறி வைத்திருந்தேன். பக்கத்து சீட் செல்வி, தாராவிப் பெண், எட்டிப் பார்த்தாள். "யக்கா, கேமராவ எங்க நடக்க விட்டிய? அடிக்கு அடி கையப் புடிச்சுல்லா இழுக்குதிய!"

நெற்றியில் போன்

சுருக்கென்றது, ஆனால் அவள் சொன்னது சரி. இருபத்தாறையும் அழித்தேன். வீட்டில் போனைத் துப்பட்டாவால் நெற்றியில் கட்டிக்கொண்டு, கிச்சனிலிருந்து வாசல்வரை நடந்து படம் பிடித்தேன். பதினோரு தடவை. போட்டுப் பார்த்தால், மனுஷி நடை சீராகவே இல்லை. மெதுவாகக் கிளம்புகிறது, வேகம் பிடிக்கிறது, நிற்குமுன் தயங்குகிறது. திரும்பும்போது முதலில் தலை போகிறது, அப்புறம்தான் கால். குழம்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. ஆபீஸிலிருந்து வந்த கணவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை: "நீ நடந்து முடி, நான் கீழே போய் இட்லி வாங்கிண்டு வரேன்."

சிங்க் எங்கே

இந்த முறை நாலே குறி. திருப்பம் வருவதற்குச் சற்று முன்பே பார்வை திரும்பும்படி வைத்தேன். "கொஞ்சம் ட்ரோன் மாதிரி பறக்கட்டுமே" என்றார் முதலாளி. "குடிவரப்போறது மனுஷா, புறா இல்லை" என்று சொல்லி அப்படியே போட்டேன்.

மாமி நாற்காலியைப் பிடிக்கவில்லை. கேமரா கிச்சனுக்குள் திரும்பியபோது அவர் கழுத்தும் கூடவே திரும்பியது. விளக்கு வந்ததும், கட்டடம் கட்டப்போகும் பில்டர்மேல் பாய்ந்தார்: "சிங்க்கை ஏன் ஜன்னல்லேர்ந்து இத்தனை தள்ளி வெச்சிருக்கேள்? நான் அங்கே நின்னு பார்த்துட்டேன், ஒரே இருட்டு!"

கட்டாத கிச்சனுக்காக மாமி பில்டரை விளாசிய அந்தப் பத்து நிமிஷத்தில்தான் என் வேலை நிரந்தரமாயிற்று.