சமையலறையில் ஒரு குறையும் இல்லை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிழக்கு லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில், ஆட்களை வேலைக்கு எடுக்கும் ஆளணிப் பகுதியில் வேலை செய்தேன். பல நாட்டு ஆட்களும் நிறம், மதம் பாராமல் மனம்விட்டுக் கதைக்க வேண்டும் என்று மேலிடத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. அதற்கான கூட்டங்களை நடத்த என் தலையில் கட்டினார்கள். இரண்டு நாள் பயிற்சியும், ஒரு பெட்டி பிஸ்கட்டும், வட்டமாகப் போட்ட கதிரைகளும் தந்தார்கள்.

சமையலறையில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருந்தார். மனோர் பார்க் முருகன் கோயிலில் கண்டு பழக்கம். சமையலறை சூப்பர்வைசர் தமிழர்களைச் சட்டி கழுவ மட்டுந்தான் விடுவான். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி அண்ணையின் விரல்களில் தோல் உரிந்து கிடந்தது. தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வார்டுகளுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளும் வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்கு அவரை மாற்றுங்கள் என்று சமையலறைக்குப் பொறுப்பான மனேஜரிடம் சண்டை பிடித்தேன். அண்ணையே தன் வாயால் முறையிட்டால்தான் ஏதாவது செய்யலாம் என்று மனுஷன் கையை விரித்துவிட்டார்.

அதனால் சமையலறை ஆட்களுக்கு வைத்த கூட்டத்துக்கு மனேஜரை வரச் சொல்லி, சூப்பர்வைசரை வரவிடாமல் செய்தேன். "உள்ளதைச் சொல்லுங்கோ அண்ணை, அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்று முதல்நாளே சொல்லியும் வைத்தேன். "ஓம், ஓம், சொல்லுறன்" என்றார்.

அவருடைய முறை வந்ததும் எழுந்து நின்றார். மற்றவர்கள் இருந்தபடியேதான் பேசியிருந்தார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தில் பேசினார். இங்கே எல்லோரும் நல்லவர்களாம். சூப்பர்வைசர் கூடப்பிறந்தவன் மாதிரியாம். ஒரு குறையும் இல்லையாம். மனேஜர் கை தட்டினார். அட கோதாரி! எழும்பிப் போய் அந்தக் கைகளை இழுத்து எல்லோருக்கும் காட்ட வேண்டும் போலிருந்தது. பிறகு அந்த ஆத்திரமும் இல்லாமல் போய், உள்ளுக்குள் எல்லாம் மரத்துவிட்டது. அடுத்தவரைப் பேசச் சொன்னேன்.

வண்டி வேலைக்கு வெளியாளையே எடுக்கலாம் என்று போகும்போது மனேஜர் சொன்னார். தலையாட்டினேன்.

அண்ணை பின்னால் நின்று கதிரைகளை அடுக்கினார்.

"வாயிலை கொழுக்கட்டையே வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஊரிலையும் இப்பிடித்தான் தங்கச்சி, பள்ளிக்கூடத்திலை கூட்டம் வைச்சவங்கள். பயப்பிடாமல் குறையளைச் சொல்லுங்கோ எண்டாங்கள். என்ரை தம்பி சொன்னவன். அண்டைக்கே வந்து கூட்டிக்கொண்டு போட்டாங்கள். பிறகு அவனைக் காணேல்லை."

இது லண்டன், அண்ணை என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டு, ஒரு கதிரையைத் தூக்கி அடுக்கில் வைத்தேன்.

அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னது காணும்தானே? கூட்டம் வைச்ச உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராதே?"

"வராது அண்ணை" என்றேன்.