காலையில் ஒருவர், பின்னேரம் மற்றவர்

மூன்று கிழமை நான் இரண்டு ஆளாக இருந்திருக்கிறேன். நோய் வருத்தம் ஒன்றுமில்லை, வெறும் முட்டாள்தனம். காலையில் காற்சட்டை போட்ட ஒருவன், பின்னேரம் சாரம் கட்டின இன்னொருவன். இருவருக்கும் ஒரே மூளை. அது ஒருவனுக்கே போதாது என்பது பிறகுதான் தெரிந்தது.

திருகோணமலையில் ஒரு கல்வி நிறுவனத்தில் நான் விரிவுரையாளர். வருட முடிவுக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரை அனுப்பாவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்று கடிதம் வந்துவிட்டது. கடலில் பட்டால் உடம்பை எரிய வைக்கும் ஜெலிமீனான சொறிமுட்டைக்கு என்ன முதலுதவி என்பதைத் தலைப்பாக எடுத்தேன். நிலாவெளியில் கரைவலை இழுப்பவர்களிடம் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் அதற்கு என் வீடு இருக்கிற பாலையூற்றில் இருந்து பஸ் ஏற வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும், சப்பாத்துக்குள் மணல் போகும். ஆகவே, விஞ்ஞானத்தின் நன்மை கருதி, முறைசார் மீளாய்வு செய்வதென்று தீர்மானித்தேன். ஒரு கேள்வியைப் பற்றி உலகத்தில் வந்த ஆய்வுகளையெல்லாம் விடாமல் தேடி, விதிப்படி சலித்து, எல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று பார்க்கிற வேலை அது. மின்விசிறிக்குக் கீழ் இருந்தே செய்யலாம்.

தேடினேன். ஒரு சொல், ஒரு தளம், வந்ததில் முதல் இரண்டு பக்கம். அத்தோடு உலகம் முடிந்தது. எதை எடுப்பது, எதைக் கழிப்பது என்பதை இரண்டு பேர் ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல் தீர்மானிக்க வேண்டுமாம். கூட வேலை செய்பவர்கள் எவருக்கும் நேரமில்லை. ஆகவே இரண்டாவது ஆளும் நானேயானேன். சாரம் கட்டியது அதற்காகத்தான். அட்டவணையில் காலை எழுதிய நிரலைப் பின்னேரம் கையால் மறைத்துக்கொண்டேன், அவ்வளவு நேர்மை. எங்கள் இருவருக்கும் ஓரிடத்திலும் கருத்து வேறுபாடு வரவில்லை. பெருமையில் முடிவுரையையும் எழுதிவிட்டேன்: எந்தச் சொறிமுட்டை பட்டாலும் வினாகிரி (சமையல் காடி) ஊற்றுக.

காசு கட்டாமல் திறக்காத ஒரு கட்டுரையை எடுத்துத் தரக் கேட்டுத்தான் நூலகரிடம் போனேன். நூலகர் என்றால் புத்தகத்தில் முத்திரை குத்துவார், சத்தம் போட்டால் முறைப்பார் என்பது அதுவரை என் ஆராய்ச்சி முடிவு. கிண்ணியாவில் இருந்து தினமும் பாலம் கடந்து வருகிற பெண் அவர். என் கோப்பைத் திறந்தார்.

"என்ன சொல்லுப் போட்டுத் தேடினீங்க சேர்? எந்தத் தளத்தில? எண்டைக்கு?"

"எல்லாம் மனசில இருக்கு மிஸ்."

"அப்ப, சரி பாக்க விரும்புற ஆக்கள் உங்கட மனசுக்குள்ள இறங்கணுமா?"

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். சொறிமுட்டைக்கு உலகத்தில் உள்ள விஞ்ஞானப் பெயர், ஊர்ப் பெயர், சேர்த்தும் பிரித்தும் எழுதுகிற பெயர் எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் கோர்த்தார். நாலு தளங்களில் தேடினார். திகதியோடு எழுதி வைத்தார். இரண்டு தரம் வந்தவற்றைக் கழித்தார். மிஞ்சின குவியலில் என் இரண்டு பக்கம் ஒரு மூலையில் கிடந்தது.

பிறகு என் அட்டவணைக்கு வந்தார்.

"ஒரு பிணக்கும் இல்லையே சேர். புருசன் பொஞ்சாதிக்குள்ளயே இவ்வளவு ஒற்றுமை இல்ல. ரெண்டாவது ஆள் ஆரு?"

"கூட வேலை செய்யிற ஒருத்தர்."

"இந்தக் கட்டுரையைக் கழிச்சதுக்கு நீங்க எழுதின காரணம், 'நீளம் கூட'. அவரும் அதையே எழுதியிருக்கார். சொந்தக்காரரோ?"

"நெருங்கின சொந்தம்," என்றேன். அதற்கு மேல் பொய் சொல்ல ஏலாமல் சாரக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இந்த ஒருக்கா விடுங்கோ மிஸ். டிசம்பருக்குள்ள அனுப்பாட்டி என்ர வேலை போயிடும்."

"நான் ரெண்டாவது ஆளா வாசிக்கிறன். உங்கட நிரலை எனக்குக் காட்டப்படாது."

காற்சட்டைக்காரன் மறுபடி முதலில் இருந்து வாசித்தான். சாரக்காரனுக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. அவர் சனிக்கிழமைகளிலும் வந்து வாசித்தார். கடைசியில் இரண்டு நிரல்களையும் பக்கத்தில் வைத்தபோது நாங்கள் ஒத்துப்போன இடங்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வாதாடினோம். பெரும்பாலும் நான் தோற்றேன். மற்றவற்றில் அவர் வென்றார்.

அந்த நீளமான கட்டுரையை என் முன்னால் தள்ளினார். சில வகைச் சொறிமுட்டைக்கு வினாகிரி ஊற்றினால் நோவு கூடலாம் என்று அதற்குள் இருந்தது. நான் கழித்தது அதைத்தான், அதுவும் இரண்டு தரம்.

"வலை இழுக்கிற மனிசன் உங்களை நம்பி ஊத்தினா என்ன சேர் நடக்கும்?"

வேலை நிரந்தரமாவது ஒரு பக்கம் இருக்க, என் சப்பாத்துக்குள் மணல் போகாமல் இருப்பதற்காக யாரோ ஒருவருடைய கால் எரிய இருந்தது. முடிவுரையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். "எந்தச் சொறிமுட்டை பட்டாலும்" என்ற இடத்தில் இப்போது அடக்கமான, நீண்ட மூன்று பந்திகள்.

டிசம்பரின் கடைசி வேலைநாள். நூலகக் கணினியில் கட்டுரை தயாராக இருந்தது. அனுப்புகிற பொத்தானில் விரலை வைத்தபடி, ஒரு வள்ளலின் குரலில் சொன்னேன்: "உங்கட உதவிக்கு நன்றி எண்டு அடியில ஒரு வரி போட்டிருக்கிறன் மிஸ்."

எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் என் பெயர் மட்டும் தனியே நிற்பதை அவர் எட்டிப் பார்த்தார்.

"என்ட பேரை அங்க மேல ஏத்திட்டு அனுப்புங்க சேர்."