முதலியார்பேட்டையில் குடியேறிய பத்து நாள்: கரண்டு, காஸ், காலைத் தண்ணீர்

புதுச்சேரியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் எழுதிய கட்டுரைகள் ஏராளம். கடற்கரை, மஞ்சள் சுவர், காப்பிக் கடை எல்லாம் அவற்றில் கிடைக்கும். இது குடியேற வருகிறவர்களுக்கு. கணவருக்கு இங்கே இரண்டு வருட வேலை கிடைத்ததால், இந்த ஜனவரியில் மலேசியாவின் ஈப்போவிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினோம். பத்து நாள் கழித்து அம்மா வருவதாக ஏற்பாடு. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அதற்குள் கரண்டு, காஸ், தண்ணீர் மூன்றும் சரியாகாவிட்டால் டிக்கெட்டை ரத்து செய்து அங்கேயே முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான். எப்பாடு பட்டாவது அம்மாவை அழைத்துவந்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

வீடு முதலியார்பேட்டையில். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய் ஆனது. வீட்டுக்காரர் பாரிசில் இருக்கிறார். கரண்டு மீட்டரோ அவருடைய காலமான அப்பா பெயரில்! பெயரை மாற்ற எத்தனை நாள் அலைய வேண்டுமோ என்று பதறினேன். வீடு பிடித்துக் கொடுத்த தரகர் சிரித்தார். வாடகைக்கு இருப்பவருக்கு அந்தக் கவலை வேண்டாம், பில்லைக் கட்டினால் போதும் என்றார். எங்கள் ஊர் பிளக்குகள்தான் இங்கத்திய துளைகளில் நுழையவில்லை. ஒன்று நூற்றிருபது ரூபாய் என்று நான்கு பிளக் அடாப்டர் வாங்கினேன். காஸுக்குப் பாஸ்போர்ட், விசா, வாடகை ஒப்பந்தம், வெளிநாட்டவர் பதிவுச் சான்று எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல் கேட்டார்கள். ஐந்தாம் நாள் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் ரெகுலேட்டரில் சோப்பு நுரை தடவி, கசிகிறதா என்று பார்க்கக் கற்றுக் கொடுத்தார்.

இனி என் அதிமேதாவித்தனத்துக்கு வருவோம். கேட்டுக்கு உள்ளே, வாசலை ஒட்டி, இடுப்பளவு ஆழத்தில் சதுரமாக ஒரு குழி இருந்தது. அடியில் ஒரு குழாய். அம்மா தடுக்கி விழுந்தால் என்ன ஆவது? மூன்றாம் நாளே ஒரு கொத்தனாரைப் பிடித்தேன். குழாய் இருக்கிறதே, மூடத்தான் வேண்டுமா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். மூடுங்கள் என்றேன். தொள்ளாயிரம் ரூபாய்.

எங்கள் தெருவுக்குக் காலை ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை தண்ணீர் வரும். ஈப்போவில் குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர், அதை யோசித்ததே கிடையாது. இங்கே வீட்டுக்குள் இருந்த குழாயில் நூல் மாதிரி ஒழுகியது. ஆறாம் நாள் ஒரு பிளம்பர் வந்து, தெருக் குழாய் இணைப்பிலேயே நேராக மோட்டாரைப் பொருத்தினார். ஐயாயிரத்து இருநூறு ரூபாய். நாற்பது நிமிடத்தில் மாடித் தொட்டி தளும்பியது. உடனே படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஆறேகாலுக்குப் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி வந்து கேட்டருகே நின்றாள். வீராம்பட்டினத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள், மீன் விற்பவள். ஏழு மணிக்குள் கிளம்பிவிடுவாள். இடுப்பில் காலிக் குடம்.

"அக்கா, உங்க மோட்டார எத்தினி மணிக்கு நிறுத்துவீங்க? சொன்னீங்கன்னா நாங்க அதுக்கப்பறம் புடிச்சிக்கிறோம்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விசாரித்தேன். நான் மோட்டார் போட்டதிலிருந்து எனக்கு அடுத்த நான்கு வீட்டுக் குழாயிலும் வெறும் காற்றுதானாம். மூன்று நாளாகக் கேன் தண்ணீர் வாங்கிச் சமைத்திருக்கிறார்கள். ஏன் முதல் நாளே கேட்கவில்லை என்றேன்.

"வயசானவங்க வராங்கன்னு சொன்னீங்களே. அதான், ரொப்பிக்கட்டும்னு வுட்டுட்டோம்."

அவமானமாக இருந்தது. அவள் திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். தெருக் குழாயில் நேராக மோட்டார் வைக்கவே கூடாது என்று அப்புறம்தான் தெரிந்தது. தண்ணீர் மேலே ஏற அழுத்தம் போதாது, பள்ளத்தில் தாராளமாக விழும். அதற்குத்தான் வீட்டுக்கு வீடு குழி. அதே கொத்தனார் வந்து சிமெண்டை உடைத்துக் குழாயை வெளியே எடுத்தார். குழிக்கு இரும்பு மூடி ஒன்று செய்யக் கொடுத்தோம். பிளம்பர் மோட்டாரைத் தெருக் குழாயிலிருந்து கழற்றி, ஒரு பெரிய டிரம்மோடு இணைத்துக் கொடுத்தார். குழியில் குடம் பிடித்து டிரம்மில் ஊற்றினால், மோட்டார் அதை மாடிக்கு ஏற்றும்.

அன்று மாலை அண்ணனிடம் உள்ளதைச் சொன்னேன். தினமும் இருபது குடம் தூக்க வேண்டும் என்றதும், அப்படியானால் டிக்கெட்டை ரத்து செய்கிறேன் என்றான். நான் அழுதே விட்டேன். அம்மா போனை வாங்கினார்.

"பக்கத்து வீட்டுத் தண்ணியிலயா என்னைக் குளிப்பாட்டப் பார்த்த?" என்று கேட்டார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "நான் நாளைக்குப் போறேன்" என்றார்.

சென்னை விமான நிலையத்திலிருந்து டாக்சி மூன்றரை மணி நேரம், நாலாயிரத்து இருநூறு ரூபாய். இடுப்பு வலி உள்ளவர்களோடு வந்தால் வழியில் இரண்டு முறையாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

இங்கே வீடு பார்க்கும்போது வாடகை கேட்பதற்கு முன் தண்ணீர் நேரத்தைக் கேளுங்கள். பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன் பக்கத்து வீட்டைக் கேளுங்கள். கொத்தனார் ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்டால் தயவுசெய்து யோசியுங்கள். இப்போது காலையில் அம்மா குழியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து குடத்தை எண்ணுகிறார். நேற்று இருபத்தோராவது குடத்தைக் குழாயடியில் வைத்தேன். "போதும், மூடு. கஸ்தூரி தண்ணி பிடிச்சிட்டுக் கிளம்புற நேரம்" என்றார். மூடினேன்.