கரண்ட் அடித்துப் போனவர்

மின்சார அலுவலகத்தில் புகார் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் கரண்ட் அக்கா என்பார்கள். அதற்கு முன் பதினோரு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். சொல் கொஞ்சம் பிசகினாலும் அவருக்குச் சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி இருக்கும்.

விபத்துப் புகாருக்கு ஒரு படிவம் உண்டு. அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று மின்னதிர்ச்சி, மற்றது மின்சாரம் தாக்கி மரணம். முதல் கட்டம் என்றால் வயர்மேன் சாவகாசமாகச் சைக்கிளை எடுப்பார். இரண்டாவது என்றால் தெருவுக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டு இன்ஜினியரே ஜீப்பில் கிளம்ப வேண்டும். ஜனங்கள் அப்படிப் பிரித்தா பேசுகிறார்கள்? விரல் சுரீர் என்றாலும் கரண்ட் அடிச்சிடுச்சு, ஆளே போனாலும் கரண்ட் அடிச்சிடுச்சு. குரலை வைத்துத்தான் அக்கா கட்டத்தை முடிவு செய்வார். ஆறு வருடத்தில் ஒருமுறையும் தவறியதில்லை என்று பெருமை வேறு.

ஒரு நாள் காலை தையல்காரர் ஒருவரின் மனைவி கூப்பிட்டார். தையல் மிஷினைத் தொட்டபோது கணவருக்குக் கரண்ட் அடித்துவிட்டது என்றார். இப்போது எப்படி இருக்கிறார் என்று அக்கா கேட்டார்.

"அவரு போயிட்டாருங்க. கால் மணி நேரம் ஆச்சு."

குரலில் அழுகையே இல்லை. துக்கத்தில் உறைந்துபோயிருக்கிறாள் பாவம் என்று அக்கா நினைத்துக்கொண்டார். மனசைத் தேற்றிக்கொள்ளம்மா, எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தார். மிஷின் கெட்டதற்குக்கூட இவ்வளவு ஆறுதல் சொல்கிறார்களே என்று அந்தப் பெண் வியந்துபோனாராம்.

ஜீப் போய் நின்றபோது பாதித் தெரு வாசலில் நின்றது, மின்சாரம் போன எரிச்சலில். இன்ஜினியர் குரலைத் தாழ்த்தி, அவரை எங்கே கிடத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"அவரு பொத்தான் வாங்கப் போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு, உக்காருங்க."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கையில் பொட்டலத்தோடு தையல்காரர் வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று பக்கத்து வீட்டுக்காரரை விசாரித்தார். உங்களுக்குத்தான் என்றார் அவர்.

இன்ஜினியருக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். வந்ததுதான் வந்தோம் என்று மேஜைக்கு அடியில் குனிந்தவர் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். எலி கடித்த வயர் பல்லை இளித்துக்கொண்டு இரும்புக் காலை உரசியபடி கிடந்தது.

"கையில ஈரம் இருந்திருந்தா, ஆபீஸ்ல அந்தம்மா எழுதினதே சரியாப் போயிருக்கும்."

வயரை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

மறுநாள் அக்கா தையல் கடைக்கே போய், உயிரோடு இருப்பவரைக் கொன்றுவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றார். கடைக்குப் போயிட்டாருன்னு நான்தான் சொல்லியிருக்கணும் என்று தையல்காரர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவுக்கும் அடக்க முடியவில்லை. அதிலிருந்து, யார் கூப்பிட்டாலும் ஆள் பேசுகிறாரா என்றுதான் முதலில் கேட்கிறார். இன்ஜினியரிடம் மல்லுக்கட்டி, புதுப் படிவத்தில் அந்தக் கேள்வியை முதல் வரியாகவும் சேர்க்க வைத்துவிட்டார்.

இதில் ஆதாயம் தையல்காரருக்குத்தான். சொன்ன தேதிக்குத் துணி தயாராகவில்லை என்று யாராவது வந்து நின்றால், நான் செத்துப் பொழைச்சவன், கொஞ்சம் பொறுங்க என்பார். ஒரு மாதம் அது செல்லுபடியானது. அப்புறம் மனைவியே உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"பொழைச்சு எவ்ளோ நாளாச்சு, தைங்க."