பதினாலு வீட்டுச் சேர்

எழுபதுகளின் கடைசியில், படிப்பை முடித்துவிட்டு வீட்டில் வசவு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. போடி, கம்பம், பெரியகுளம் என்று எங்கள் பக்கத்து ஊர்களில் சனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அளக்கிற வேலை. வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். கூரையா ஓடா, ரேடியோ உண்டா, சேர் உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். சேருக்குக் கொஞ்சம் அதிகம். குறைந்த மதிப்பெண் வாங்கும் தெருவுக்கு முதலில் குடிதண்ணீர்க் குழாய் வரும். பேனா என் கையில் இருந்ததால் தலைக்கனத்துக்கும் குறைவில்லை.

போடியில் மலையைப் பார்த்த கடைசித் தெரு எனக்கு வந்தது. பதினாலு வீடுகள். அங்கிருந்த பெண்கள் விடியுமுன் ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவர்கள். வந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த கிணற்றுக்கு நடப்பார்கள். முதல் வீட்டுக்காரிக்கு ஏழாவது மாதம். அவளும் நடந்தாள்.

தோட்டம் லீவான ஞாயிற்றுக்கிழமை போனேன். முதல் வீட்டில் பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பு மடக்குச் சேரை விரித்து உட்கார வைத்தாள். கேள்விகள் முடிந்ததும், படிவத்துக்காக அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டு வந்தேன். அடுத்த வீட்டிலும் பச்சைச் சேர். அதற்கடுத்த வீட்டிலும். தோட்டத்து முதலாளி தீபாவளிக்கு மொத்தமாக வாங்கிக் கொடுத்திருப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஊரையே கேள்வி கேட்க வந்தவளுக்கு இதைக் கேட்க வாய் வரவில்லை பாருங்கள்! பதினாலு வீட்டுக்கும் 'உண்டு' போட்டேன்.

கூட்டிப் பார்த்தால் அந்தத் தெரு கம்பத்துக் கடைவீதிக்குச் சமமாக நின்றது. குழாய்ப் பட்டியலில் அதன் பெயர் இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டு வரலாம் என்று ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். முதல் வீட்டுக்காரி என்னைப் பார்த்ததும் பதறிப்போய்க் கொல்லைப்பக்கம் ஓடிக் குரல் கொடுத்தாள்.

"அடியே, சேரைக் கொண்டா, வெரசா!"

மூன்றாவது வீட்டுச் சுவர் தாண்டி அந்தப் பச்சைச் சேர் கை மாறி வந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

"ஏக்கா, இப்படிப் பொய் சொல்லலாமா?"

"யாரு ஆத்தா பொய் சொன்னா? சேரு இருக்கான்னு நீ கேக்கவே இல்லையே. உக்காந்துக்கிட்டே நீயா எழுதிக்கிட்ட. வீடு தேடி வந்த பிள்ளைய மண்ணுலயா உக்கார வைக்கிறது?"

மலைமேல் ஏதோ ஆபீசில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி, கால் ஒட்டவைத்து, எல்லோருமாகப் பெயிண்ட் அடித்தார்களாம். பெண் பார்க்க வந்தாலும், நர்சம்மா வந்தாலும் எந்த வீட்டுக்கும் அது போகும். தெருவுக்குப் பொதுச் சேர். பொது என்று எழுத என் படிவத்தில் இடமே இல்லை.

நான் வெட்கத்தில் கூனிப்போனேன். கோபமெல்லாம் என் மேலேயே திரும்பியது.

மறுநாள் மேலதிகாரியிடம் போய் நின்றேன். ஒரு தடவை எழுதினால் எழுதினதுதான் என்றார். கோபம் வந்தால் என் நாக்கு நிற்காது. "தப்புப் பண்ணினவள் நான். தண்டனை அந்தத் தெருவுக்கா?" என்று கத்திவிட்டேன். வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் பதினாலு புதுப் படிவங்களை எடுத்து மேசைமேல் போட்டார்.

இரண்டாம் தடவை எல்லா வீட்டிலும் தரையில்தான் உட்கார்ந்தேன். பதினாலு தடவை 'இல்லை' எழுதினேன். இவ்வளவு இருக்கிற தெருவுக்கு இல்லை போடுகிறோமே என்று வருத்தம். தண்ணீர் வந்துவிடும் என்று சந்தோஷம்.

சில மாதம் கழித்துக் குழாய் வந்தது. தண்ணீர் திறக்கும் அன்றைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். குழாய்க்குப் பக்கத்தில், புதிதாகப் பெயிண்ட் அடித்த அதே சேர். பழைய பயத்தில் நான் நின்றுகொண்டே இருந்தேன். முதல் வீட்டுக்காரி கைக்குழந்தையோடு வந்து என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"இப்பயாச்சும் நல்லா உக்காரு ஆத்தா. ஆனா எழுதிப்புடாத."