மூன்றாவது வரியில் பூஜ்யம்

பக்கத்து அறையில் டங், டங் என்று சத்தம். கால் ஒடிந்து கட்டிலோடு கிடக்கும் கணவர் கரண்டியால் டம்ளரைத் தட்டினார்.

"தண்ணியா, மாத்திரையா?" என்று கூடத்திலிருந்தே குரல் கொடுத்தாள் அவள்.

"ரெண்டும் வேணாம். வந்திருக்கிற சாருக்கு டீ குடுத்தியா?"

வந்திருந்தவர் அவளுடைய மேனேஜர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அனுமதியை இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கச் சொல்லிக் கேட்டிருந்தாள். அவர் மறுத்தால் வேலையை விட வேண்டியதுதான். கட்டிலில் கிடப்பவரைத் தாங்கிப் பிடிக்க வேறு நாதி ஏது?

பஸ் டிக்கெட் பதிவு செய்யும் தளத்தில், வரும் கூட்டத்தை நான்கு சர்வர்களுக்கும் பங்கு பிரித்து அனுப்பும் லோடு பேலன்சரைக் கண்காணிப்பதுதான் ஏழு வருடமாக அவள் பிழைப்பு. அன்று பத்து மணிக்கு விடுமுறைக் காலப் பதிவு தொடங்கியிருந்தது.

"கம்ப்யூட்டர் போர்டுல நாலு சர்வரும் பச்சையாத்தானே இருக்கு? அப்புறம் ஏம்மா தளம் இழுக்குதுன்னு இத்தனை போன்?" என்றார் மேனேஜர்.

"உயிரோட இருக்குன்னுதான் பச்சை சொல்லும் சார். வேலை செய்யுதான்னு சொல்லாது. எங்க வீட்டுக்காரர் மாதிரி."

"கால்தான் ஒடிஞ்சிருக்கு, காது நல்லாத்தான் கேக்குது!" என்றார் உள்ளிருந்தவர்.

சிரித்துக்கொண்டே கருப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். நான்கு சர்வர்களுக்கும் நான்கு வரிகள் வந்தன. மற்ற மூன்று வரிகளில் கூட்டம் பிதுங்கியது. மூன்றாவது வரியில் மட்டும் பூஜ்யம். பக்கத்தில், புதிதாக யாரையும் அனுப்பாதே என்று நிறுத்தி வைத்த குறி.

நேற்று மாலை பராமரிப்புக்காக அதை நிறுத்தியவளே அவள்தான். வேலை முடிந்த நேரம் பார்த்துக் கணவர் கட்டிலிலிருந்து சறுக்கினார். பதறி ஓடியவள், திரும்பவும் சேர்த்துவிட மறந்தே போனாள்.

இன்னொரு கட்டளை தட்டினாள். பூஜ்யம் பன்னிரண்டாகி, தொண்ணூறாகி, முந்நூறானது. தளம் மூச்சு விட்டது.

"பலே! ராத்திரி ஷிப்டுக்காரன் பண்ண கூத்துதானே? அவனுக்கு இருக்கு இன்னைக்கு."

தலையாட்டினால் போதும், அனுமதி கையில். ஆனால் வாய் ஒப்பவில்லை.

"ராத்திரி ஷிப்டுக்காரர் மேல தப்பில்ல சார். நேத்து நிறுத்தினது நான். சேக்க மறந்துட்டேன்." கண்ணில் நீர் முட்டியது.

மேனேஜர் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"மூணு மாசம் முடியாதும்மா. ஒரு மாசம் தரேன். இனிமே எதை நிறுத்தினாலும் அடுத்த ஷிப்டுக்கு ஒரு வரி எழுதிட்டுத்தான் எழுந்திரிக்கணும்."

"சரிங்க சார்."

செருப்பை மாட்டிக்கொண்டு அவர் படியிறங்கினார். ஒரு மாதம்தான் என்றாலும் அது நேர்மையாகச் சம்பாதித்த மாதம். அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு, அவள் மெல்லக் கதவைச் சாத்தினாள்.