மோனோவில் நடந்த காலடி

"அக்கா, எனக்குக் காதும் போயிடுச்சா?"

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு குமரன் இப்படிக் கேட்டது ஒரு சனிக்கிழமை மாலை. மறுநாள் தவளக்குப்பம் பசங்களோடு போட்டி. குமரனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

அரியாங்குப்பத்தில் நான் வேலை பார்த்தது ஒரு கேமிங் சென்டர். தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்த காலம் அது. வேலை பார்த்த மில் மூடிய பிறகு ரவி அண்ணன் போட்ட கடை. சிஸ்டம் பார்ப்பது, கேம் ஏற்றுவது என்று என்னைச் சேர்த்தார். பசங்க சண்டையை விலக்குவதும் என் வேலைதான் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

பார்வையில்லாதவன் துப்பாக்கி கேமை எப்படி ஆடுவான் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கேமுக்குள் இரண்டு பக்கமும் வாசல் உள்ள ஓர் அறையில் குமரனின் ஆளை அவன் நண்பன் சேகர் கொண்டுபோய் நிறுத்திவிடுவான். அதற்குப் பிறகு அங்கே குமரன் ராஜ்யம்தான். ஹெட்போனில் இடது காதில் காலடி கேட்டால் மவுஸை இடப்பக்கம் இழுத்துச் சுடுவான். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது கைக்குப் பழகியிருந்தது. டீமின் கேப்டனும் சேகர்தான்.

போட்டிக்காக அண்ணனுக்கு ஓர் ஆசை வந்தது. "காலடிக்கு வெளிநாட்டு பூட்ஸ் சத்தம் எதுக்கும்மா? நம்ம ஊரு சத்தம் போடு. வர்றவன் அசந்துடணும்." நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போய், பலகைமேல் பசங்களை நடக்கவிட்டுப் பதிவு செய்துகொண்டு வந்தோம்.

முதல் முயற்சி அண்ணனுடையது. பதிவான எம்பி3 கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை அழித்துவிட்டு, கேம் ஏற்கும் வகையான வேவ் என்று அடித்தார். கேம் ஊமையாகிவிட்டது. உப்பு டப்பாவில் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் காப்பி இனிக்காது அண்ணா என்றேன். "சரி தாயே, நீயே பண்ணு" என்று எழுந்துவிட்டார்.

எடிட்டரில் திறந்து முறையாக வேவ் ஆக மாற்றும்போது, கேமில் இருந்த பழைய கோப்புகள் மோனோ என்று பார்த்தேன். அண்ணனிடம் சொன்னேன். "மோனோன்னா பழைய டேப் ரெக்கார்டரு. ஸ்டீரியோல போடும்மா. நம்ம கடைக்கு இன்னா கொறச்சல்?" என்றார். போட்டேன். பலகைச் சத்தம் எல்லா சிஸ்டத்திலும் தடதடத்தது. பசங்க விசிலடித்தார்கள்.

அவர்கள் திரையைப் பார்த்து ஆடுகிறவர்கள். குமரன் உட்கார்ந்தான், செத்தான். மறுபடியும் செத்தான். இடப்பக்கம் ஆள் வந்தால் வலப்பக்கம் சுட்டான். சேகருக்குப் பொறுமை போய்விட்டது. "டேய், நாளைக்கு நீ சும்மா உக்காந்து கேளு. வேற ஆளப் போட்டுக்கறேன்."

அப்போதுதான் குமரன் என்னிடம் அப்படிக் கேட்டான்.

"எப்பிடிடா கேக்குது உனக்கு?"

"ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி கேக்குதுக்கா. எந்தப் பக்கம் வர்றான்னே தெரியல."

ஹெட்போனை நான் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். அடுத்த சிஸ்டத்திலிருந்து சேகரை என்னைச் சுற்றி நடக்கச் சொன்னேன். காலடி நடு மண்டையிலேயே கேட்டது, நகரவே இல்லை. பழைய கோப்பைத் திரும்பப் போட்டேன். பூட்ஸ் இடமிருந்து வலமாக அழகாக நடந்து போனது.

விஷயம் இவ்வளவுதான். மோனோவில் இருப்பது ஒரே ஒலித் தடம். ஆள் எங்கே நிற்கிறான் என்று பார்த்து, அந்தத் தடத்தை எந்தக் காதுக்கு எவ்வளவு கொடுப்பது என்று கேமே முடிவு செய்யும். ஸ்டீரியோவில் இடமும் வலமும் ஏற்கெனவே பிரிந்து இருப்பதால், அந்த கேம் அதில் கை வைக்காமல் அப்படியே ஓட்டிவிடும். பாட்டுக்கு அது போதும், காலடிக்குப் போதாது.

பலகைச் சத்தத்தை மோனோவாக்கினேன். சாம்பிள் ரேட், பிட் என்ற ஒலித் தர எண்களை எல்லாம் பழைய கோப்பில் இருந்தபடியே வைத்துச் சேமித்தேன். குமரன் ஹெட்போனைத் தொட மாட்டேன் என்றான்.

"வேணாங்கா. இப்பவும் தெரியலேன்னா?"

"தெரியலேன்னா என்னைத் திட்டு. மாட்டுடா."

சேகர் நடந்தான். குமரனின் கை மவுஸை இடப்பக்கம் இழுத்தது. சேகரின் ஆள் சுருண்டு விழுந்தான். "டேய், உன் டீம்தான்டா நானு!" என்று சேகர் கத்தினான். குமரன் சிரித்துக்கொண்டே அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

கேம் சத்தங்களை மாற்றும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் பழைய கோப்பைப் பிரதி எடுத்து வையுங்கள். அது என்ன வகை, எத்தனை தடம், என்ன சாம்பிள் ரேட் என்று பார்த்து, புதியதையும் அப்படியே செய்யுங்கள். பெரிய எண் போட்டால் பெரிய சத்தம் என்று நினைக்காதீர்கள். முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பசங்க தோற்றார்கள். தவளக்குப்பத்துக்காரர்கள் வேறு வழியாக வந்து ஜெயித்தார்கள். குமரன் காத்த அறையை மட்டும் ஒருவனும் தாண்டவில்லை. முடிந்ததும் அவர்கள் கேப்டன் ரவி அண்ணனிடம் சண்டைக்கு வந்தான்.

"இன்னாண்ணா ஏமாத்தறீங்க? அந்த ரூம்ல நின்னவனுக்கு நல்லாவே கண்ணு தெரியுது. சும்மா நடிக்கிறான்."

அண்ணன் கோபமாக எழுந்தார். குமரன் முகமெல்லாம் சிரிப்பாக அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"இருங்கண்ணா. அவர இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லுங்க."